ரைஸ் மில் களத்தில் புல்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் பஸ்ஸில் எனக்குச் சன்னல் ஓரம்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். அம்மாப்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வயல்களுக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் புகைபோக்கி தலைகாட்டும். அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும். நிற்கிறது என்று தெரிந்ததும் அடுத்த கவலை தொடங்கிவிடும். வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் விட்டார்களா, எவனாவது சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறானா, பெஞ்சு முழுசாக இருக்கிறதா. வீடு கட்டுகிறவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். பூங்கா போடுகிறவளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

என் தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. ஒரு விழா அழைப்பிதழில் 'நிலத்தோற்றக் கலைஞர்' என்று போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் நான் நாடகத்தில் நடிப்பவள் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "எம் பொண்ணு பார்க் போடுற இஞ்சினியரு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தெருவிலும் வாய் சும்மா இருக்குமா? "செடி நடுறதுக்கா இம்மாம் படிப்பு?" என்று என் காதுபடவே கேட்டார்கள். செடி நடுவதல்ல என் வேலை. மூடிப்போன ஆலை, கைவிட்ட குடோன், பாழடைந்த சூளை இப்படிப்பட்ட இடங்களை எடுத்து, ஜனங்கள் நடக்கவும் உட்காரவும் பிள்ளைகள் ஓடவும் தோதாக மாற்றித் தருவது. இதை நான் எத்தனை முறை விளக்கினாலும் கடைசியில் "அதான், பார்க்கு" என்பார்கள். சரி, அதான்.

அந்தப் புகைபோக்கி ஒரு ரைஸ் மில்லுடையது. மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. நான் பிறந்தது அங்கேதான். 'ஊர்' என்று நாங்கள் சொல்வது மில்லுக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டி இருப்பதை. நாங்கள் இருப்பது ஊர் அல்ல, தெரு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்காது. எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மில் வருவதற்கு முன்னால் அந்த இடம் களமாக இருந்தது. அறுத்த கட்டுகளைக் கொண்டுவந்து அடித்து, தூற்றி, அங்கேயே கூலி அளப்பார்கள். தாசில்தார் ஆபீஸ் கணக்கில் அது களத்துப் புறம்போக்கு, அதாவது யாருடைய பட்டாவிலும் சேராத அரசாங்கத்து இடம். கூலியைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி ஏறிய காலத்தில் சண்டையெல்லாம் அந்தக் களத்தில்தான் நடந்தது என்பார்கள். அப்புறம் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நிலத்தை மச்சான் பேரில், மாடு மேய்ப்பவன் பேரில், பிறக்கப்போகும் பிள்ளை பேரில் என்று பினாமி எழுதித் தப்பித்த மிராசுதார் ஒருவர், இனிமேல் விவசாயத்தில் மரியாதை இல்லை என்று சொல்லிக்கொண்டு ரைஸ் மில் கட்டினார். களத்துப் புறம்போக்கும் மில்லின் மதிலுக்குள் போய்விட்டது. கேள்வி கேட்டவர்களைக் கூப்பிட்டு மில்லில் வேலை கொடுத்தார். அதோடு கேள்வி நின்றது. என் அம்மா வேலைக்குச் சேர்ந்தது அப்படித்தான்.

அவளுக்குக் களத்து வேலை. புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதலில் பெரிய சிமெண்ட் தொட்டிகளில் ஊற வைப்பார்கள், பிறகு பாய்லர் ஆவியில் அவிப்பார்கள், ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து சிமெண்ட் களத்தில் கொட்டுவார்கள். அதைப் பலகையால் பரப்பிவிட்டு, பெண்கள் வரிசையாக நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்துப் போய்க் கிளறிவிட வேண்டும். அடியில் இருக்கிற நெல் மேலே வரும். மேலே இருப்பது அடியில் போகும். ஒரு கோடியில் தொடங்கி மறு கோடியில் முடிந்து, மறுபடி திரும்பி, வெயில் இருக்கும் வரை அதே வேலை. வெயில் அதிகம் என்றால் நெல் சீக்கிரம் காயும், மில்லுக்குச் சந்தோஷம். வேலை முடிந்து வந்ததும் அவள் வீட்டுக்குள் வரமாட்டாள். வாய்க்காலில் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருப்பாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, பசிக்குது என்று கத்திக்கொண்டிருப்பேன்.

அந்தக் களத்தின் கூலியில்தான் நான் படித்தேன். விடுதி, சென்னை, கல்லூரி, மேற்படிப்பு எல்லாம். அதற்குள் மில் மூடிவிட்டது. மிராசுதாரின் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். பக்கத்தில் பெரிய பெரிய மில்கள் வந்தன. இடத்தை மீட்க அரசாங்கம் போட்டிருந்த வழக்கு, அது புறம்போக்குதான் என்று ஒருவழியாக முடிந்து, இடம் பேரூராட்சியின் கைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த ஆட்சிக்காலம் அது. டிவி வாங்க வரிசையில் நின்ற ஜனத்திடம், எங்கள் கவுன்சிலர் மைக்கைப் பிடித்து, மில் இருந்த இடத்தில் பூங்கா வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார். தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் திறந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் அப்போது தஞ்சாவூரில் தனியாக அலுவலகம் போட்டிருந்தேன். அந்த வேலை எனக்குத்தான் வேண்டும் என்று ஆலாய்ப் பறந்து வாங்கினேன்.

முதல் நாள் பூட்டை உடைத்து உள்ளே போனபோது எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மில்லுக்குள் நான் அதற்கு முன் போனதே இல்லை. பிள்ளைகளை விடமாட்டார்கள். ஊறல் தொட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பாய்லரின் வாய் வழியே வேம்பு ஒன்று முளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. உமி எரிந்த கரி சுவரெல்லாம் அப்பியிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் களம், ஒரு பெரிய ஏரி மாதிரி, வெறிச்சென்று. எங்கே பார்த்தாலும் வயலும் வரப்புமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் இவ்வளவு பெரிய சமதளத்தைப் பார்ப்பது அபூர்வம். இதில் கை வைக்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பேரூராட்சிப் பொறியாளருக்கு வேறு யோசனை இருந்தது. நல்ல மனிதர், ஆனால் சிமெண்ட் மிருகங்கள் மீது அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

"மான் ரெண்டு மேடம், ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு. நடுவுல ஃபவுண்டன். சுத்திவரப் புல்லு. ஒரத்தநாட்டுல ஒருத்தர் இருக்காரு, டைனோசர் கூடச் செய்வாரு."

"புகைபோக்கி?"

"இடிச்சிடலாம் மேடம். செங்கல்லு நல்ல செங்கல்லு."

"களம்?"

"அதான் சொன்னேனே, புல்லு."

நான் அவருடன் மல்லுக்கு நின்றேன். புகைபோக்கி நிற்கும். ஊறல் தொட்டிகள் அல்லிக் குளங்கள் ஆகும். பாய்லர் கூரை நிழலுக்கு ஆகும். களம் களமாகவே இருக்கும். சைக்கிள் பழகலாம், பந்து விளையாடலாம், கல்யாணப் பந்தல் போடலாம், அறுவடைக்கு நெல் காயவைக்கலாம். அறுவடை சமயத்தில் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிவிட்டு, லாரிக்காரர்களிடம் ஏச்சு வாங்குகிற சனம் எங்கள் தெருச் சனம்தானே. புல்லைப் போட்டு நடுவில் ஒரு ஒட்டகச்சிவிங்கியை நிறுத்தினால் அதன் கழுத்திலா நெல் காயவைக்க முடியும்? இதையெல்லாம் நான் கோபமாகச் சொன்னேன். கோபத்தால் ஒன்றும் நடக்கவில்லை. களத்தை உடைக்க நாள் பிடிக்கும், தேர்தலுக்குள் முடியாது என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். உடனே எல்லாரும் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

வரைபடம் தயாரானதும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மதியம் வீட்டுக்குப் போனேன். அம்மா சாப்பிட்டு முடித்து, அரசாங்கம் கொடுத்த டிவி முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் தரையில் படத்தை விரித்தேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். அல்லிக்குளத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். வாய்க்கால் பக்கம் எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு வாசல் வைத்திருந்தேன், அதைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் நடுவில் விரலை வைத்தாள்.

"இது என்ன வெள்ளையா, இம்மாம் பெருசா?"

"களம்."

"எந்தக் களம்?"

"நம்ம மில்லு களம்தாம்மா. அத அப்படியே விட்டுட்டேன்."

கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். "அப்படியேவா?"

"விரிசல அடைச்சு, லேசாப் பூசி விடுவோம். அவ்ளோதான்."

"அத ஒடைக்கலையா நீ?"

"எதுக்கு ஒடைக்கணும்? எவ்ளோ நல்ல களம். அதுல நீ வேலை பாத்திருக்கே. நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா, இங்க இத்தனை பொம்பளைங்க உழைச்சிருக்காங்கன்னு?"

"எங்க உழைப்ப நாங்க வெச்சுக்கறோம்டி. நீ அத ஒடை."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அத ஒடைக்கப் போறவ எம் பொண்ணுதான்னு தெருப் பூரா சொல்லி வெச்சிருக்கேன். பூசி மொழுகி வெக்கப் போறேங்கிறியே. அந்த மிராசுதார் செத்தும் ஒனக்குச் சம்பளம் குடுக்குறாரா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் விடவில்லை. பழைய ஆலைகளை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று நான் படித்ததையெல்லாம் கீரைக்கு முன்னால் ஒப்பித்தேன். இடிப்பது சுலபம், இடித்துவிட்டால் நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும், மிராசுதாருக்கு அதுதானே வேண்டும் என்றேன். இது உண்மை என்றுதான் நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

"அப்ப ஒனக்கு என்னதாம்மா வேணும்?" என்று கடைசியில் கேட்டேன்.

"புல்லு. தஞ்சாவூர்ல சிவகங்கைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனியே, அந்த மாதிரி. குளுகுளுன்னு. அந்த எடத்துல எங் காலு குளுந்து இருக்கணும். ஒரு நாளாவது."

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. படத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் போய்விட்டேன். போகிற வழியெல்லாம் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன். இறங்கும்போது தோற்றவள் மாதிரி இருந்தது.

அம்மா சும்மா இருக்கவில்லை. களத்தில் கூட வேலை பார்த்த பெண்களைத் திரட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவருக்கோ கொண்டாட்டம். எங்கள் தெரு ஓட்டு மொத்தமும் தன் வாசலுக்கே வந்து நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்? பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார். கரைவேட்டி சரசரக்க அவர் நடுவில், பக்கத்தில் பொறியாளர், எதிரே நான். பெண்கள் பெஞ்சில். அம்மா முதல் வரிசையில், இஸ்திரி போட்ட புடவையில், என்னை முன்பின் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் கவுன்சிலர்.

"எங்களுக்கு அந்தக் களம் வேணாம்ங்க. ஒடச்சுப்புட்டுப் புல்லு போடச் சொல்லுங்க. மேடம்தான் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றாள் அம்மா.

மேடம்! பொறியாளர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்து சிரித்தார். என் காது சூடாகிவிட்டது.

"அம்மா, நான் சொல்றத..."

"மேடம் பேசட்டுங்க. அவுங்க படிச்சவங்க. நாங்க கேட்டுக்கறோம்."

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. நான் முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எங்கள் தெருவில் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிற சின்ன வயசுக்காரி. அவளுக்கு மில் வேலை தெரியாது, மில் மூடிய பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"களம் இருக்கட்டுங்க. ஒடைக்கக் கூடாது. கொள்முதல் நிலையத்துல நெல்லுல ஈரம் இருக்குன்னு திருப்பி அனுப்புறான். ரோட்டுல காயப்போட்டா போலீஸு வெரட்டுறான். ஊர்க்காரவுங்களுக்கு அவுங்க களம் இருக்கு. எங்களுக்கு எது?" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். "ஒனக்குக் களம் வேணும்னா அதுல ஒரு நாள் நெல்லுக் கிண்டிப் பாருடி, அப்புறம் பேசு" என்றாள். "கிண்டுறேன், ஒங்களுக்கென்ன?" என்றாள் அவள். "எனக்கென்னவா?" என்று அம்மா எழுந்தாள். நாலு பேர் அவளோடு எழுந்தார்கள். இந்தப் பக்கம் ரெண்டு பேர் எழுந்தார்கள். மிராசுதார் காலத்தில் கூலிக்காக ஒன்றாக நின்ற தெரு, இப்போது ஒரு பூங்காவுக்காக அலுவலகத்தின் நடுவில் ரெண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தது. கவுன்சிலர் என்னைப் பார்த்தார். அவருக்கு யாருடைய ஓட்டும் போகக் கூடாது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பேனாவை எடுத்து வரைபடத்தின் நடுவில், அத்தனை நாள் இழைத்து இழைத்து வரைந்ததன் மீது, குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"பாதி களம், பாதி புல்லு. எந்தப் பாதி வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அம்மாவை நானும் 'நீங்க' என்றேன். அவளுக்கு மட்டும்தான் தெரியுமா?

அம்மா படத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். புகைபோக்கியைக் கண்டுபிடித்தாள், பாய்லரைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து விரலை நகர்த்தி நிறுத்தினாள். "பாய்லர் பக்கம் எங்களுக்குப் புல்லு. அங்கதான் கொதிக்கக் கொதிக்க மொதல்ல கொட்டுவானுங்க. அந்தப் பக்கம் களமாவே கெடக்கட்டும், இந்தப் பொண்ணு நெல்லு காயப் போட்டுக்கட்டும்" என்றாள். சின்னப் பெண் தலையை ஆட்டினாள். பாதியை மட்டும் உடைப்பதென்றால் தேர்தலுக்குள் முடிந்துவிடும் என்றார் பொறியாளர். கவுன்சிலர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பாதி பிடிக்கவே இல்லை. களம் முழுசாக இருந்திருந்தால்தான் அழகு. இந்த நிமிஷம் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நான் அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பின்னால் பொறியாளர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விட்டெல்லாம் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டாள்.

உடைக்கிற அன்றைக்குக் களத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்து மதிலோரம் நின்றார்கள். நான் ஆர்ப்பாட்டமாகக் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இயந்திரம் தடதடவென்று முதல் பாளத்தைப் பெயர்த்தபோது ஒருத்தி மட்டும் "மெல்லிசாத்தான்டி போட்டிருக்கான்" என்றாள். இத்தனை காலமாக அது ரொம்பக் கனமானது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. சாயங்காலம் போகும்போது ரெண்டு மூன்று பேர் நல்ல பாளமாகப் பார்த்து, துணி துவைக்க ஆகும் என்று தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா ஒரு துண்டு கூட எடுக்கவில்லை.

சிமெண்டுக்கு அடியில் இருந்த மண் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. என் வயசுக்கு அதன் மேல் ஒரு சொட்டு மழை விழுந்திருக்காது. கொத்திவிட்டு, வாய்க்கால் தூர் எடுத்த வண்டலைக் கொண்டுவந்து கொட்டினோம். பொறியாளர் கொரியன் புல் என்றார். அது வெல்வெட் மாதிரி இருக்குமாம். அதற்குத் தண்ணீர் ஊற்றி மாளாது, நம் வரப்பில் தானாக வளர்கிற அருகம்புல்லே போதும் என்று அவரோடு ஒரு சண்டை. அதில் நான் ஜெயித்தேன். அப்புறம் அந்தப் புல் பிடிக்குமா பிடிக்காதா என்ற கவலையில் நான் தூங்கவில்லை. தஞ்சாவூரில் வேறு வேலைகள் கிடந்தன. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பஸ் ஏறி ஏறி வந்து, குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு பச்சை முனை தெரிந்தால் சந்தோஷம், பக்கத்தில் ஒரு மஞ்சள் முனை தெரிந்தால் போயிற்று. "வயித்துப் பிள்ளையக் கூட நீ இப்படிப் பாத்திருக்க மாட்ட" என்றாள் அம்மா. அவளுக்கும் எனக்கும் அப்போது பேச்சு ஒழுங்காகத் தொடங்கியிருந்தது.

அவள் மட்டும் புல்லைப் பார்க்க உள்ளே வரவில்லை. வாய்க்கால் வாசலோடு நின்றுவிடுவாள். "முழுசாப் பச்சையாவட்டும், வரேன்" என்பாள். திறப்பு விழாவுக்கு வந்தாள். அமைச்சர், அலங்கார வளைவு, சீரியல் பல்பு, கட்சிக்கொடி, கல்வெட்டில் பொறியாளர் பெயர் வரைக்கும் இருந்தது, என் பெயர் இல்லை. ஆட்சி மாறினால் கல்வெட்டையும் மாற்றுவார்கள் என்பதால் நான் அலட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தைப் பார்த்த அம்மா, "இவனுங்க எல்லாம் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கொடுத்த லட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பந்தலெல்லாம் பிரித்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் வாசலில் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புல்லின் ஓரத்தில், இரும்புக் கம்பியில், புத்தம்புது போர்டு. என் வரைபடத்தில் எந்த இடத்திலும் நான் போர்டு வைக்கவில்லை. பக்கத்தில் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு காவலாளி.

நான் செல்போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "யாரக் கேட்டு சார் இந்த போர்டு? புல்லு எதுக்கு, பாக்குறதுக்கா?" என்றேன். "மேடம், மேடம், கோச்சுக்காதீங்க, செயல் அலுவலர் சொன்னாங்க, எல்லாப் பூங்காவுலயும் வைக்கிறதுதானே" என்று அவர் அந்தப் பக்கம் குழைந்தார். நான் இன்னும் கத்தினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா போர்டுக்கு நேராகப் போய் நின்றிருந்தாள். அவள் முதியோருக்கான அறிவொளி வகுப்பில் படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"புல்... தரை... யில்... நட... க்கா... தீ... ர்கள்."

ரெண்டாவது முறை வேகமாக வாசித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். என் கோபம் எனக்கே விளங்காமல் நின்றுவிட்டது. "ஏம்மா சிரிக்கிற?" என்றேன்.

"இந்தா, இங்கதான்டி மேஸ்திரி நிப்பான், கொடையப் புடிச்சுக்கிட்டு" என்று புல்லின் ஒரு மூலையைக் காட்டினாள். "காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் அவனுக்கு ஒரே வார்த்தைதான். நட. நட, நட. மூச்சு வாங்க நின்னா 'ஏன்டி நிக்கிற, நட.' வயித்துல நீ இருந்தப்பவும் 'நட'தான். இந்த எடத்துல ஒருத்தன் கூட என்னைய நடக்காதன்னு சொன்னதில்ல. இப்பப் பாரு, நடக்காதீர்கள்ங்கிறான். அதுவும் மரியாதையா."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, ரெண்டு எட்டு வைத்துப் புல்லுக்குள் போனாள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான்.

"யம்மா, யம்மா, போர்டு பாக்கலிங்களா?"

"படிச்சுட்டேன் தம்பி. நடக்கல" என்று சொல்லி, அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கால்கள் ரெண்டையும் நீளமாக நீட்டிக்கொண்டாள். தண்ணீர் விட்ட ஈரம் காயாத புல். குதிகாலை அதில் அழுத்தி, மெல்லத் தேய்த்தாள்.

"இங்க உக்காரக் கூடாதும்மா. எந்திரிங்க" என்றான் அவன்.

"எந்திரிச்சா நடக்கணுமே தம்பி" என்றாள் அம்மா. "நடக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். விளக்கு போடுகிற வரைக்கும் அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.